தராசுத் தொழிற்சாலை மூடியதற்கு நான் சொல்லிவந்த காரணம்

பின்னறையின் சாவி தொலைந்துவிட்டது என்று தராசுக் கம்பெனியின் எம்.டி. சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்ற கோபம்தான் இத்தனை வருடங்களாக எனக்கு என்மேல் இருக்கிறது. 1991 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது. ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் போகும் மண்பாதையில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே தனியாக நின்ற ஷெட். முன்கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் நீள மேசைகளில் குனிந்து சால்டரிங் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் புகையின் நெடி தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். கூடத்தின் கோடியில் ஒரு மரக்கதவு, அதில் பித்தளைப் பூட்டு. "சாவியை எங்க வெச்சேன்னே தெரியல சார். அடுத்த தடவை வரும்போது திறந்து காட்டறேன்" என்றார் எம்.டி. அவருடைய சட்டைப்பையில் சாவிக்கொத்து ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "பரவாயில்லை சார், ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

நான் அப்போது மெட்ராஸில் ஒரு வென்ச்சர் கேப்பிடல் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அந்தப் பெயரைச் சொன்னால் அன்றைக்கு யாருக்கும் புரியாது. பேங்க்கா, சீட்டுக் கம்பெனியா என்று கேட்பார்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு நாங்கள் கடன் கொடுப்பதில்லை, அவருடைய கம்பெனியில் பங்கு வாங்கிக்கொள்வோம், ஓடினால் லாபம், மூழ்கினால் எங்கள் பணமும் சேர்ந்து மூழ்கும், யாரும் எதையும் திருப்பித் தர வேண்டாம் என்று நான் விளக்கினால், இது எந்தப் பைத்தியக்காரன் வைத்த கடை என்பதுபோலப் பார்ப்பார்கள். என் மாமனார் அதை வாய்விட்டே கேட்டார். எனக்கு வயது இருபத்தொன்பது. ஈட்டுக்கு நிலமும் நகையும் இல்லாதவனுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதை நான் மனப்பூர்வமாக நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். என் எரிச்சலெல்லாம் அந்த நம்பிக்கையை நாங்கள் நடத்திய விதத்தின் மேல்தான்.

எம்.டி. என்னுடைய முதல் கேஸ். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடம் கருவிப் பிரிவில் என்ஜினீயராக இருந்தவர். நாற்பது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மனைவி தாம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கைக்குழந்தை ஒன்று. பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு எலெக்ட்ரானிக் தராசு செய்ய வேண்டும் என்பது அவர் யோசனை. "அளவுக் குவளையில நுரையையும் சேர்த்து அளந்துடறாங்க சார். நாலு மணிக்கு எழுந்து மாட்டைக் கறக்கற பொம்பளைக்கு அதைக் கேக்கத் தெரியாது. எடை போட்டா யாரும் யாரையும் ஏமாத்த முடியாது. நம்பர் எதிர்லயே தெரியும்" என்று அவர் முதல் நாள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னபோது, இந்த மனுஷருக்காகச் சண்டை போடலாம் என்று எனக்குத் தோன்றியது. போட்டேன். எங்கள் கமிட்டியில் மூன்று கூட்டங்கள் பேசி ஒப்புதல் வாங்கினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்று அவரிடம், "நல்ல செய்தி எல்லாம் தபாலில் வரட்டும் சார். கெட்ட செய்தியை மட்டும் நீங்களே நேரில் வந்து எனக்கு முதலில் சொல்லிவிடுங்கள்" என்றேன். அந்த வாக்கியத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர், பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையாட்டினார்.

ஒரகடத்தில் இடம் பிடித்தது அவருடைய துணிச்சல். இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அப்போது தாம்பரத்தில் பஸ் ஏறினால் படப்பை தாண்டியதும் ஏரியும் பனைமரமும்தான். ஒரு நாளில் எத்தனை முறை கரண்ட் போகும் என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். அவர் வல்லக்கோட்டையிலும் வடக்குப்பட்டிலும் வீடுவீடாகப் போய், பத்தாவது வரை படித்த பெண்களைத் தேடிப் பிடித்து, ஆறு மாதம் தானே பக்கத்தில் உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுத்தார். அவர்களில் மூத்தவரைச் சூப்பர்வைசராக்கினார். களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் அந்த அம்மா. ஒரு வருடத்தில் சர்க்யூட் போர்டைக் கையில் எடுத்ததும் எந்தப் புள்ளி சரியாக ஒட்டவில்லை என்று சொல்லிவிடுவார். 1990 முழுக்க நன்றாகவே போனது. செங்கல்பட்டுப் பக்கத்துச் சங்கங்கள் வாங்கின, காஞ்சிபுரம் பக்கம் வாங்கின. மாதா மாதம் அவருடைய அழகான கையெழுத்தில் எனக்கு அறிக்கை வரும்.

அந்த அறிக்கை மார்ச்சில் ஒரு வாரம் தாமதமாக வந்தது. விற்பனை எண் மட்டும் வழக்கத்தைவிட ஏறியிருந்தது. அதனால்தான் ஏப்ரலில் நேரில் போனேன். பிறகுதான் அந்தச் சாவி. திரும்பி வந்து, 'வளர்ச்சி திருப்திகரமாக உள்ளது, இரண்டாம் தவணை முதலீட்டை விடுவிக்கலாம்' என்று குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பை எழுதிய கை நடுங்கியது என்றெல்லாம் இப்போது சொன்னால் அது பொய். நன்றாகவே எழுதினேன். என் முதல் கேஸ் தோற்றுவிட்டது என்று ஜெனரல் மேனேஜரிடம் போய்ச் சொல்வதைக் காட்டிலும், ஒரு கதவைத் திறக்காமல் விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள் என்று உபதேசம் செய்தவன் நான்.

மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்தப் பகுதியில் திரும்பிய பக்கமெல்லாம் போலீஸ். லாரிகளை மறித்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நானும் போகவில்லை. ஜூலை முதல் வாரத்தில் அரசாங்கம் ரூபாயின் மதிப்பை அடுத்தடுத்து இரண்டு தடவை குறைத்தது. எடையை உணரும் லோட் செல் என்ற சின்ன உலோகத் துண்டு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அதன் விலை ஏறியது. இறக்குமதிக்கு வங்கிகள் கேட்ட முன்பணமும் சேர்ந்துகொண்டது. ஆகஸ்டில், யாருக்கும் சொல்லாமல், ஒரு முற்பகலில் நான் ஷெட்டுக்குப் போனேன். எம்.டி. மெட்ராஸுக்குப் போயிருந்தார். மேசைகளில் பாதி காலி. சூப்பர்வைசரம்மா எழுந்து வந்தார்.

"இன்னா சார், எம்.டி. சார் இல்லாத நேரமா பாத்து வந்துகீறீங்க?"

பின்னறையைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தொறந்தா எல்லாம் முடிஞ்சிரும் சார். பரவால்லியா?"

நான் அந்த மரக்கதவை நோக்கி நடந்தேன். அவர் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் திறந்தார். கூரை வரை அட்டைப்பெட்டிகள். விற்றதாக எனக்கு எழுதி அனுப்பிய தராசுகள். பெரும்பாலானவை ஒருமுறை பிரிக்கப்பட்டு மறுபடி நாடா ஒட்டப்பட்டவை. சங்கங்களின் விலாசச்சீட்டு பாதி கிழிந்து தொங்கியது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"மார்ச்சுலேர்ந்தே திரும்பித் திரும்பி வந்துகினுதான் கீது. லைன்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்னு நெனச்சோம் சார். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறத பாத்தா நாடகம் போடற மாரி இருக்கும். சிரிச்சிக்குவோம்."

மறுநாள் காலை எம்.டி. என் அலுவலகத்துக்கு வந்தார். சூப்பர்வைசரம்மா சொல்லியிருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்தவர் வாய் திறக்கவில்லை. கையில் வைத்திருந்த துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. முந்தைய நாள் முழுக்க யோசித்து நான் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தேன். "ரூபா இப்படி விழுந்தா யாரால சார் நிக்க முடியும்?" என்றேன். அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்த தராசுகளைப் பற்றிக் கேட்டதற்கு, "சங்கத்துல கமிட்டி மாறிடுச்சு சார், விலை அதிகம்னு திருப்பிட்டாங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். மார்ச்சில் வந்த பெட்டிக்கு ஜூலையில் விழுந்த ரூபாய் எப்படிக் காரணமாகும் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. எங்கள் ஜி.எம்.மும் கேட்கவில்லை. என் அறிக்கையைப் படித்துவிட்டு, "நல்ல காரணம். நாடே தடுமாறிக்கிட்டிருக்கு, நம்மளை யாரும் குத்தம் சொல்ல முடியாது. இப்படியே ஃபைலை மூடிடுங்க" என்றார்.

செப்டம்பரில் ஷெட்டை மூடிய அன்று நானும் இருந்தேன். பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துவிட்டு எம்.டி. ஏதோ பேச ஆரம்பித்தார், நடுவில் நின்றுவிட்டார். சூப்பர்வைசரம்மாதான் கேட்டார், "அப்ப நாளிலேர்ந்து வர வேணாமா சார்?" என்று. "வேணாம்மா" என்றார். அந்த அம்மா மேசை மேசையாகப் போய் சால்டரிங் கம்பிகளின் பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொன்றின் வயரையும் ஒழுங்காகச் சுருட்டி வைத்தார். மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக நடந்தார்கள். வெளியே வந்ததும் நான் எம்.டி.யிடம் எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளை எல்லாம் சொன்னேன். இது கடன் இல்லை, நீங்கள் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை, தொழில் என்றால் இப்படித்தான், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "பணத்துக்காக இல்லை சார்" என்றார். பிறகு எதற்காக என்று நான் கேட்டிருக்க வேண்டும். பஸ் வருவது தெரிந்தது, கைகுலுக்கிவிட்டு ஏறிக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை தராசு இல்லை. தொழிற்சாலைகளில் இருக்கும் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். திட்டம் எட்டே பக்கம். எங்கே தவறு நேரலாம், நேர்ந்தால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பதற்கே இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார். அதுவரை நான் பார்த்ததிலேயே நேர்மையான திட்டம் அது. சிபாரிசு செய்து குறிப்பும் எழுதினேன். கமிட்டியில் ஜி.எம். பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. "ஏற்கெனவே ஒண்ணைக் கவுத்தவராச்சே" என்றார். மற்றவர்கள் புன்னகை செய்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். எனக்கு அப்போது பதவி உயர்வு பேச்சில் இருந்தது. "ரிஸ்க் இருக்குதான் சார்" என்றேன். மறுப்புக் கடிதத்தை நானே டைப் அடிக்கக் கொடுத்து நானே கையெழுத்துப் போட்டேன். அவர் ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு எல்லாம் மாறியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கண்ணுக்கெட்டிய தூரம் கார் கம்பெனியும் டயர் கம்பெனியுமாக எழுந்தன. வேர்க்கடலைக் கொல்லைகளின் மேல் ஆறுவழிச்சாலை வந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் அணிவகுத்து நிற்க, நடுவில் ஷேர் ஆட்டோக்கள் புகுந்து புறப்படும். நானும் வளர்ந்தேன். அந்த நிறுவனத்தை விட்டு வந்து, சில நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக முதலீட்டு நிதி நடத்தினேன். எழுபதுக்கு மேற்பட்ட கம்பெனிகளில் பணம் போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் மூடியாயிற்று. தொழில் முனைவோரைப் பற்றி எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. திட்டத்தைப் பார்த்துப் பணம் போடக் கூடாது, ஆளைப் பார்த்துப் போட வேண்டும். ஒரு முறை தோற்றவர் இரண்டாம் முறை நிதானமாக அடியெடுத்து வைப்பார், அவருக்குத்தான் கதவு முதலில் திறக்க வேண்டும். தோல்வி தானாக ஆளைக் கொல்வதில்லை, அதை மறைக்கும் ஒவ்வொரு மாதமும் கொல்கிறது. இவற்றை நான் மேடைதோறும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த முப்பது வருடத்தில், எனக்குக் கெட்ட செய்தியைத் தாங்களாகவே வந்து சொன்ன முதலாளிகளை எண்ண ஒரு கை போதும். மற்றவர்களுடைய சரிவு எனக்குத் தணிக்கையாளர் மூலமாகவும், வேலையை விட்டுப் போனவர் மூலமாகவும், ஒருமுறை கம்பெனிக் கார் ஓட்டுநர் மூலமாகவும்தான் தெரியவந்தது. இப்போதைய பிள்ளைகள் தோல்வியைப் பற்றி வெட்கப்படுவதில்லை என்கிறார்கள். உண்மைதான், மூடிய மறுநாளே பெரிதாக எழுதிப் போடுகிறார்கள், நூறு பேர் கைதட்டுகிறார்கள். எழுதியதில் காரணம் என்று ஒன்று இருக்கும். அது எப்போதும் சந்தையாக இருக்கும், சட்டமாக இருக்கும், பெருந்தொற்றாக இருக்கும். தன் கையால் செய்த ஒன்றாக மட்டும் இருக்காது. படிக்கும்போது எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது.

என் பேச்சுகளில் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. தராசு செய்த ஒரு மனிதரின் கதை. பெயர் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், நல்ல பொருள், நல்ல எண்ணம். 1991-இல் ரூபாய் விழுந்தது, தொழிற்சாலை விழுந்தது. நம் கையில் இல்லாத ஒன்று நம்மை வீழ்த்தினால் அதில் அவமானம் எதுவும் இல்லை என்று முடிப்பேன். அந்த இடத்தில் எப்போதும் கைதட்டல் வரும். சென்ற ஆண்டு அந்தப் பகுதியிலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் இதைப் பேசினேன். அதை அவர்கள் வீடியோவாக வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல்; வயதானவர், நிதானமாகப் பேசினார். எம்.டி.யின் மனைவி.

"என் பையன் நீங்க பேசினதை எனக்குப் போட்டுக் காட்டினான். பாரும்மா, எவ்வளவு நல்லா சொல்றார்னு. அது அவங்கப்பாவைப் பத்தினதுன்னு அவனுக்குத் தெரியாது. அவர் ஒரு கம்பெனி வெச்சிருந்தார்ங்கறதே அவனுக்குத் தெரியாது. நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வர முடியுமா?"

அவர்கள் படப்பையில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. மகனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்ததால் ஓசூரை விட்டு வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். எம்.டி. வாசலில் நின்று வரவேற்றார். முடி கொட்டி, காதில் கருவி வைத்து, நிறைய இளைத்திருந்தார். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படாததிலிருந்து மனைவி சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. மகனுக்குத்தான் தலைகால் புரியவில்லை. "அப்பா, இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? சொல்லவே இல்லையே!" என்றான். "பழைய பழக்கம்" என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

காபி வந்தது. மகன் தன் வேலையைப் பற்றிச் சொன்னான். கார்களுக்கு சென்சார் செய்யும் கம்பெனியில் என்ஜினீயர். அந்த வேலையை விட்டுவிட்டு, விவசாயக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் காட்டும் கருவி ஒன்றைச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று இரண்டு நண்பர்களோடு திட்டம் போட்டிருக்கிறான். "அப்பா ஒத்துக்கவே மாட்டேங்கறார் சார். நம்ம வீட்ல யாரும் இதெல்லாம் பண்ணதில்ல, வேணாம்ங்கறார். நீங்க அந்தத் தராசுக் கம்பெனி கதையை இவர்கிட்ட சொல்லுங்க சார். ரூபாய் விழுந்ததால மூடினாரே, அவர் கதை. அவர் மேல தப்பே இல்லையே. அதைக் கேட்டா புரியும்."

எனக்குக் கையில் டம்ளர் சுட்டது. எம்.டி. காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டார். "என்னன்னு சொன்னார்?" என்று கேட்டார். மகன் முழுக்கச் சொன்னான், நான் மேடையில் சொல்லும் அதே வரிசையில், நான் நிறுத்தும் இடங்களில் நிறுத்தி. அறையின் மறுபக்கம் சமையலறைக் கதவருகே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"அது ரூபாயால மூடல" என்றார் எம்.டி.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். "இப்பவாவது சொல்லிடுங்களேன்" என்றார் அந்த அம்மா.

"நான்தான்டா அதை நடத்தினேன். உன் கம்பெனி பஸ் திரும்புதே, அந்த வளைவுக்கு உள்பக்கமா. நீ அப்போ கைக்குழந்தை."

மகன் என்னைப் பார்த்தான். நான் எம்.டி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அதற்கு மேல் அவர் சொல்லப்போவது எனக்கும் தெரியாது. டீப்பாய் மேலிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு சர்க்யூட்டை வரைந்தபடி அவர் பேசினார். 1990 கடைசியில் செலவைக் குறைக்கச் சொல்லி நாங்கள் நெருக்கியபோது, போர்டில் ஒரு இடத்தில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் துல்லியமான ரெசிஸ்டருக்குப் பதில் விலை குறைந்த ஒன்றைப் போட்டிருக்கிறார். ஜனவரியில் சோதித்தபோது சரியாகத்தான் இருந்தது. மார்ச்சில் வெயில் ஏறியது, சூட்டில் அந்த ரெசிஸ்டரின் அளவு மாறியது. தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்கக் காய்ந்த தராசு, சாயங்காலப் பாலுக்கு மட்டும் எடையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

"வாலாஜாபாத் பக்கம் ஒரு சங்கம். சாயந்தரப் பால் மட்டும் குறையுதுன்னு பொம்பளைங்க சண்டைக்கு வந்துட்டாங்க. மெஷின் பொய் சொல்லாதுன்னு நான்தானே ஊர் ஊரா சொல்லிட்டு வந்தேன்? அதனால மெஷினை யாரும் சந்தேகப்படல. செக்ரட்டரி பால் திருடறார்னு முடிவு கட்டிட்டாங்க. ஊர் நடுவுல நிக்க வெச்சுக் கேட்டாங்க. வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அந்தாளு எனக்குக் கடுதாசி போட்டார், ஒரு தடவை வந்து மெஷினைப் பாருங்க சார்னு. போர்டைப் பிரிச்ச அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொன்னா எல்லா மெஷினையும் திரும்ப எடுக்கணும், ரெண்டாம் தவணை வராது, ஷெட்டை மூடணும். ஏப்ரல் ஆகட்டும்னு இருந்தேன். அப்புறம் மே ஆகட்டும்னு."

பிறகு போனீர்களா என்று மகன் கேட்டான். "ஷெட்டை மூடின அடுத்த மாசம் போனேன். அவர் குடும்பத்தோட ஊரை விட்டே போயிட்டாராம். எங்கன்னு யாருக்கும் தெரியல. சங்கத்துக் கமிட்டியில சொன்னேன். அதான் முடிஞ்சுபோச்சேன்னாங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று பிரிக்க முடியாத ஆத்திரம். முப்பது வருடமாக எத்தனை ஊரில், எத்தனை பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். "அன்னிக்கு என் ரூம்ல உக்காந்திருந்தீங்களே சார், அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை.

"சொல்லத்தான் வந்தேன். பையில அந்தக் கடுதாசி இருந்தது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்துட்டீங்க சார். என்னோடதைவிட நல்லா இருந்தது. எடுத்துக்கிட்டேன்."

மகன் செய்தித்தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரெசிஸ்டரின் வெப்ப அளவைப் பற்றி ஏதோ கேட்டான். அப்பா பதில் சொன்னார். மகன் இன்னொன்று கேட்டான். அந்த அம்மா வந்து காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். நான் விடைபெற்று எழுந்தபோது எம்.டி. வாசல் வரை வந்தார். "அந்த வீடியோவை எடுத்துடச் சொல்லுங்க சார். நான் தோத்தேன்னு இருக்கறதுல ஒண்ணும் இல்ல. காரணம் தப்பா இருக்கு" என்றார்.

கல்லூரிக்கு இரண்டு முறை எழுதினேன். பிறகு போன் செய்தேன். அந்தத் துறையின் பேராசிரியர் மரியாதையாகப் பேசினார். எங்கள் இணையப் பக்கத்திலேயே அதிகம் பேர் பார்க்கும் பேச்சு சார் அது, அதை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டார். அதில் நான் சொன்ன காரணம் தவறு என்றேன். "காரணத்தையா சார் பாக்கறாங்க? கேக்கறப்ப ஒரு தெம்பு வருது, அதுதானே வேணும்" என்றார். வீடியோ இன்னும் அங்கேதான் இருக்கிறது. என்னால் செய்ய முடிந்தது இதை எழுதுவது மட்டும்தான். அந்தத் தொழிற்சாலை ரூபாயால் மூடவில்லை. தப்பான ஒரு ரெசிஸ்டராலும், அதைத் தெரிந்தும் சொல்லாத ஒருவராலும், கேட்காத ஒருவனாலும் மூடியது. அந்தச் சங்கத்துச் செயலாளர் பால் திருடவில்லை.